ஒரு சுவருக்கு இரண்டு கையெழுத்து

அந்த வருஷம் ஜூன் முதல் வாரத்தில் நின்ற மழை ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வந்தது. மழைக்குப் பேர்போன எங்கள் ஸான் ஆற்றங்கரையில் ஏறக்குறைய மூன்று மாதம் மழை இல்லை என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஆரிஸ் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஒரு சாண் இறங்கி, கரையோரத்துக் கறுப்புச் சேறு வெளியே தெரிந்தது. வாத்துகள் நீந்துவதை விட்டுவிட்டு நடந்து திரிந்தன. புல் காய்ந்து, மிதித்தால் நொறுங்கியது.

ஆரிஸ் வீட்டில் முதலில் கெட்டது கழிவுநீர்க் குழாய். எங்கள் ஊரில் எந்நேரமும் கோகோ வாசனைதான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதாவது ஓர் ஆலையின் வறுத்த கோகோ வாசனை வந்துவிடும். அதையும் மீறிச் சமையலறையில் ஏதோ நாறுகிறது என்று ஆரிஸின் மனைவி லைஸ்பெத் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரிஸுக்கு மூக்கு மரத்துப் போயிருந்தது. நானும் அவனும் ஒரே ஆலையில், ஒரே அழுத்துக் கூடத்தில், இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர்கள். அரைத்த கோகோ விழுதை இயந்திரம் நெருக்கும். நெய் ஒரு பக்கம் வழியும், காய்ந்த வட்டப் பிண்ணாக்கு இன்னொரு பக்கம் பொத்துப் பொத்தென்று விழும். எட்டு மணி நேரம் அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் என்ன நாற்றம் தெரியப்போகிறது.

குழாய் வேலைக்காரர் வந்து, வாசல் கால்மிதிக்குக் கீழே இருக்கும் பலகையைத் தூக்கி, தரைக்கடியில் தவழ்ந்து போனார். அரை மணி கழித்து முழங்கை வரை சேறோடு வெளியே வந்தார். குழாய் இரண்டாக முறிந்து, வீட்டுக் கழிவெல்லாம் பல வாரமாக மண்ணில்தான் போய்க்கொண்டிருந்தது. புதுக்குழாய் போட ஆரிஸின் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. கிளம்பும்போது அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மண்ணு எறங்கித்தான் குழாய் ஒடஞ்சிருக்கு. மண்ணு மட்டும் எறங்குதா, வீடும் சேந்து எறங்குதான்னு ஒரு தடவ ஆள வெச்சுப் பாத்துருங்க."

ஆரிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வசந்தத்தில்தான் அவர்கள் புதுச் சமையலறை போட்டிருந்தார்கள். லைஸ்பெத் முதியோர் இல்லச் சமையற்கட்டில் வேலை செய்கிறவள். பிறத்தியார் அடுப்பில் பத்தொன்பது வருஷம் சமைத்த பிறகு தன் அடுப்பு ஒன்று நன்றாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். வெளிர்பச்சை அலமாரிகள், தொட்டால் தானாக மெல்ல மூடிக்கொள்ளும் இழுப்பறைகள். என் மனைவி மார்ரி அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செப்டம்பரில் அந்த இழுப்பறைகள் மூடிய பிறகும் தானாகத் திறந்துகொண்டன. லைஸ்பெத் சுட்ட அப்பம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் கருகியும் வந்தது. சட்டியில் மாவு எப்போதும் ஜன்னல் பக்கமே ஓடியது. அடுப்பு சாய்ந்திருக்கிறதென்று ஆரிஸ் ஒரு காலுக்கு அட்டை வைத்தான். பிறகு வாசல்கதவு இறுகியது. கதவின் அடியை இழைத்தான். மூன்று வாரத்தில் மறுபடி இறுகியது. மறுபடி இழைத்தான். பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் செங்கல் செங்கலாக ஏறியது. அதற்குச் சுண்ணாம்பு பூசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பலகைப்பாலம் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் ஏதாவது ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தான். கடைசியில் லைஸ்பெத்தான் அவனைக் கேட்காமல் அடித்தள ஆய்வாளர்களை வரச்சொன்னாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே கூரை, இரண்டு வாசல், நடுவில் ஒரே சுவர். மர அறுவை ஆலை ஒன்று தன் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டியது. எங்கள் ஊர் மண் கால் வைத்தால் ஆடும் மண். அதனால் பைன் மரங்களை வரிசையாக மண்ணுக்குள் அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் சுவர் எழுப்புவார்கள். மரம் தண்ணீருக்குள் இருக்கும்வரை நூறு வருஷமானாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் இறங்கி மரத்தலையில் காற்றுப் பட்டால் பூஞ்சை பிடிக்கும். லைஸ்பெத்தின் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்டபோது இரண்டு பாதியையும் அவரே வாங்கினார். இடது பாதியை மகன் எங்கெலுக்கும் வலது பாதியை மகள் லைஸ்பெத்துக்கும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

எங்கெல் லைஸ்பெத்துக்கு ஆறு வயது மூத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் கோகோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன், நாற்பத்தொன்பது வயதில் முதுகெலும்பு நழுவி வேலையை விட்டான். அதற்குப் பிறகு அரசாங்கம் தருகிற உதவித்தொகைதான். காலையில் ஒரு முறை பால்கடை, மாலையில் ஒரு முறை வாய்க்காலோரம் நடை, மற்ற நேரமெல்லாம் வானொலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தங்கை வீட்டுச் சாப்பாடு. பழுப்பு அவரைச் சூப்போ பட்டாணிச் சூப்போ தயாரானதும் லைஸ்பெத் மரக்கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அரைச்செங்கல் சுவர்; அவன் இருமினால் இவர்களுக்குக் கேட்கும், இவர்கள் சண்டை போட்டால் அவனுக்குக் கேட்கும்.

அக்டோபரில் இரண்டு பேர் வந்து, இரண்டு வாசலுக்கும் நடுவில், பொதுச்சுவரின் கீழே ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினார்கள். ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றினார்கள். அழுகிய முட்டை நாற்றம் தெரு முழுக்க அடித்தது. பைன் மரத்தலை கறுப்பாகத் தெரிந்ததும் அவர்களில் இளையவன் குழிக்குள் இறங்கி, சுருள்வில் வைத்த ஓர் ஊசிக்கருவியை மரத்தில் வைத்து அடித்தான். ஊசி பாலாடைக்கட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்த மரத்தில் வைத்து அடித்தான். அதுவும் அப்படியே. பிறகு மரத்தில் ஒரு துண்டைக் கையாலேயே பிய்த்து மேலே நீட்டினான். ஆரிஸ் வாங்கிப் பிழிந்தான். தண்ணீர் வழிந்து, நனைந்த ரொட்டிபோல அது அவன் விரலிடுக்கில் பிதுங்கியது. அவன் அதைக் கீழே போடவில்லை. லைஸ்பெத் காப்பித் தட்டோடு வெளியே வந்தவள் அவன் கையைப் பார்த்துவிட்டுத் தட்டை வாசலோரக் குட்டைச்சுவர்மேல் வைத்தாள்.

நவம்பரில் கடிதம் வந்தது. ஐந்து வருஷத்துக்குள் அடித்தளத்தை மாற்றவேண்டும். வீட்டுக்குள் தரையை முழுதும் பெயர்த்து, இரும்புக் குழாய்களைக் கெட்டி மணல் வரை இறக்கி, மேலே காங்கிரீட் தட்டுப் போடவேண்டும். நான்கு மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறெங்காவது இருக்கவேண்டும். ஒவ்வொரு பாதிக்கும் எண்பதாயிரம் யூரோவுக்குக் குறையாது. சமையலறையைப் பிடுங்கிப் போடுவதும் திரும்ப வைப்பதும் அதில் சேராது. காப்பீட்டுக்காரர்கள், இது விபத்தல்ல, தேய்மானம் என்று ஒரே பத்தியில் பதில் எழுதினார்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடன் தருகிற இடம் ஒன்று இருந்தது. வயதானவர்களுக்கும் தருவார்கள். ஆனால் நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் ஒரு பாதியை மட்டும் தூக்கி நிறுத்த முடியாது. தூக்கினால் மற்ற பாதி கிழிந்து போகும். இரண்டு சொந்தக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் தொடங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு லைஸ்பெத் என்னையும் கூப்பிட்டிருந்தாள். வெளியாள் ஒருவன் இருந்தால் பேச்சு வரம்பு மீறாது என்று நினைத்திருக்கலாம். பட்டாணிச் சூப் கெட்டியாக, கரண்டி நிற்கும் பதத்தில் இருந்தது. எங்கெல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் ஆரிஸ் தாள்களை மேசையில் பரப்பி, ஆலையில் புது ஆளுக்கு இயந்திரம் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக ஒவ்வொன்றாக விளக்கினான். மாதம் இவ்வளவு கட்டவேண்டும், எங்கெலின் பங்கில் முடிந்தவரை தாங்களும் சேர்ந்து கட்டுகிறோம் என்றான். எங்கெல் தாள்களைத் தொடவே இல்லை.

"எனக்கு அறுபத்து மூணு ஆகுது மச்சான்," என்றான். "முதுகு போயி பதினாலு வருஷம். வாழ்க்கையில ஒருத்தன்கிட்டயும் கடன் வாங்குனதில்ல. இப்ப வாங்கி, அதோட என்னக் குழியில எறக்கணுமா?"

"கடன் வாங்கலன்னா வீடே குழியில எறங்கிரும்," என்றான் ஆரிஸ்.

"நான் இருக்கற வரைக்கும் நிக்கும்."

"நீ இருக்கற வரைக்கும் நின்னாப் போதுமா? நாங்க?"

"என் பக்கத்துல ஒரு விரிசல்கூட இல்ல. வந்து பாரு."

லைஸ்பெத் எழுந்தாள். வாசலைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குள் போனாள். நாங்களும் பின்னால் போனோம். அவள் நேராக மாடியேறிப் படுக்கையறைக்குப் போய், பொதுச்சுவரை ஒட்டி நின்ற துணி அலமாரியை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தாள். அலமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை விரிசல். அதில் செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டி அடைத்து, மேலே சுவர்த்தாள் ஒட்டியிருந்தது. சுவர்த்தாளும் கிழிந்து, ஒரு பழைய தேதி வெளியே தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முந்திய செய்தித்தாள்.

"நாலு வருஷமாத் தெரியும் உனக்கு," என்றாள்.

எங்கெல் கட்டிலில் உட்கார்ந்தான். "தெரிஞ்சு என்ன பண்ண? ஒங்கிட்ட சொன்னா நீ அன்னிக்கே ஆரம்பிச்சிருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சு."

நாங்கள் திரும்பி வந்தோம். பாத்திரங்களை நானும் ஆரிஸும் கழுவினோம்.

குளிர்காலம் முழுக்க ஆரிஸ் விடுமுறை நாட்களிலும் வேலைக்கு வந்தான். எங்கெலின் மனத்தை எப்படி மாற்றுவது என்பதுதான் எங்கள் ஓய்வறைப் பேச்சு. வக்கீல் வைத்து வழக்குப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆரிஸ் ஒரு நாள் வக்கீலிடம் போய்க்கூட வந்தான். வெல்லலாம், இரண்டு மூன்று வருஷம் ஆகும், கூடப்பிறந்தவர்மேல் என்பதால் யோசித்துச் செய்யுங்கள் என்றாராம். அதை லைஸ்பெத்திடம் சொன்னபோது அவள், அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை சூப் ஊற்றமுடியாது என்று சொல்லிவிட்டாள். ஈஸ்டர் வரை பொறுப்போம், அவனே வழிக்கு வருவான் என்றாள். அவனும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து சாப்பிட்டான். பேச்சை எடுத்தால், யோசிக்கிறேன் என்றான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை முறை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து, சமையலறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியிலிருந்து ஏணி மாதிரி மின்தூக்கி எங்கெல் வீட்டு மாடி ஜன்னலுக்கு நீண்டிருந்தது. அதில் அந்தத் துணி அலமாரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினேன். லைஸ்பெத் அப்போதுதான் வேலையிலிருந்து சைக்கிளில் வந்து, இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கெல் வெளியே வந்தான். கையில் வானொலிப் பெட்டி. சொல்லவேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி, அடித்தளம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று அவன் பாதியை வாங்கிக்கொண்டது. பாதி விலைகூட இல்லை, ஆனால் ரொக்கம். பக்கத்து டவுனில் நான்காவது மாடியில் வாடகைக்கு ஒரு வீடு, லிஃப்ட் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது.

"மூணு வாரம்," என்றாள் லைஸ்பெத். "மூணு ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல சாப்புட்டிருக்க."

"சொல்ல வாய் வரல லைஸ்பெத்."

"வாய் வரலன்னா செவுத்துல ஒரு தட்டு தட்டிருக்கலாமே. முப்பது வருஷமா தட்டிக்கிட்டுத்தான இருக்கோம்."

எங்கெல் வானொலிப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். அவனுக்கு முதுகு வலித்திருக்கவேண்டும். லாரிக்காரன் கூப்பிட்டதும் போனான். அவள் அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. கடிதம் போட்டான், பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள். அவளுடைய பிறந்தநாளுக்குப் பூ வந்தது. அதை முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டாள்.

எங்கெல் இருந்த பாதியின் ஜன்னல்களைக் கம்பெனி உள்ளிருந்து வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தது. யாரையும் குடிவைக்கவில்லை. ஆரிஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினான், பதில் இல்லை. தொலைபேசியில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டோம், பராமரிப்புத் திட்டத்தில் ஏழாவது வருஷத்தில் இருக்கிறது என்றாள். ஏழு வருஷம் நிற்காதே என்று ஆரிஸ் சொன்னதற்கு, அதையும் பதிவு செய்துகொள்கிறேன் என்றாள். அவன் ஒவ்வொரு முறையும் ஃபோனை வைத்துவிட்டு, "நல்ல பொண்ணு" என்பான். அவனுக்குத் திட்டவும் ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் கோடையும் மழை குறைவு. மரத்தலைகளை நனைத்தே வைத்திருந்தால் பூஞ்சை பரவுவது நிற்கும் என்று ஆரிஸ் எங்கோ படித்திருந்தான். என்னைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் நான்கு சனிக்கிழமை மண்வெட்டியோடு நின்று, அவன் பாதியின் மூன்று பக்கமும் முட்டளவு பள்ளம் வெட்டினோம். துளைபோட்ட குழாயைச் சரளைக்கல் மேல் பரப்பி, வாய்க்காலிலிருந்து சிறு மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றினோம். களிமண் அட்டைபோல மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வயது ஐம்பத்தாறு. உள்ளங்கை பொத்துப் போயிற்று. லைஸ்பெத் மோரும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தெருவில் போகிறவர்கள், என்ன ஆரிஸ், வீட்டுக்குத் தண்ணி ஊத்துறியா, முளைக்குமா என்று கேட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, இன்னொரு மாடி முளைக்குதான்னு பாப்போம் என்றான்.

எங்கெல் பக்கத்து மண்ணை வெட்ட எங்களுக்கு உரிமையில்லை. நாங்கள் ஊற்றிய தண்ணீர் அந்தப் பக்கத்துக் காய்ந்த மண்ணுக்கு ஓடிப்போய் அதை இளக்கியிருக்கவேண்டும். வீடு முன்பைவிட வேகமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. செப்டம்பரில் ஆய்வாளர்கள் வந்து, சாய்வைக் கணக்கிட முன்பு சுவரில் பதித்திருந்த குமிழ்களை அளந்துவிட்டு, ஒரே கோடையில் எட்டு மில்லிமீட்டர் என்று சொன்னார்கள். ஆரிஸ் மோட்டாரைக் கழற்றி என்னிடம் கொடுத்து, வைத்துக்கொள், தோட்டத்துக்கு ஆகும் என்றான்.

பிப்ரவரியில் எரிவாயு அளவுமானியைப் பார்க்க வந்தவர், வீட்டுக்குள் நுழையும் இரும்புக் குழாய் வளைந்து விறைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே வால்வை மூடி முத்திரை வைத்தார். எந்த நேரமும் முறியலாம், திறக்க எனக்கு அதிகாரமில்லை என்றார். அவர்மேல் தப்பில்லை. வெளியே பனி உறைந்து வாய்க்கால் கண்ணாடியாகக் கிடந்தது. குழாயை மாற்ற இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடத்தைத் தோண்டவேண்டும். அதற்குக் கம்பெனியின் அனுமதி வேண்டும். மரியாதையான பெண் பதிவு செய்துகொண்டாள். பதினேழு நாள் அந்த வீட்டில் அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை. இரண்டு பேரும் எங்கள் வீட்டில் குளித்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தூங்கமட்டும் அங்கே போனார்கள். இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று மார்ரி எத்தனையோ தடவை சொன்னாள். வீட்டைக் காலியாக விட்டால் கம்பெனிக்காரன் என்ன செய்வானோ என்று ஆரிஸுக்குப் பயம். மின்சார ஹீட்டர் ஒன்றைக் கட்டிலருகே வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்தார்கள்.

பதினெட்டாம் நாள் கம்பெனியிலிருந்து இரண்டு கடிதம் சேர்ந்து வந்தன. ஒன்று, தோண்ட அனுமதி. இன்னொன்று, வலது பாதியையும் வாங்கிக்கொள்கிறோம் என்று. விலை வெறும் இடத்தின் விலை, அதிலும் இடிக்கும் செலவைக் கழித்துத்தான். வெளிநாட்டில் இருக்கும் மகள்களின் படிப்புக்காகவும் சமையலறைக்காகவும் வீட்டின்மேல் வாங்கியிருந்த கடனை அடைத்தால் பழைய கார் ஒன்று வாங்குகிற அளவுக்கு மிஞ்சும். விரும்பினால் அதே வீட்டிலேயே ஒரு வருஷம் வாடகைக்கு இருக்கலாம். வருஷாவருஷம் நீட்டிப்பது வழக்கம் என்று அந்தப் பெண் வாயால் சொன்னாள்.

அன்றைக்கு எங்கள் சமையலறை மேசையில்தான் பேசினார்கள். ஆரிஸ், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றான். லைஸ்பெத் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதப் பாக்கப் போற?" என்று கேட்டாள். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு செங்கல்லா பாத்துட்டோம். எனக்கு ஐம்பத்தொம்போது வயசாகுது ஆரிஸ். அடுத்தவங்க வீட்டுல தலக்கிக் குளிச்சிட்டு ஐஸ்ல நடந்து போறேன். போதும்."

ஆரிஸ் என்னைப் பார்த்தான். நான் மார்ரியைப் பார்த்தேன். 

ஏப்ரலில் பத்திரம் எழுதினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். பத்திரக்காரர் காப்பியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு, சட்டப்படி முழுப்பத்திரத்தையும் உரக்கப் படித்தார். அடித்தளத்தின் நிலையை வாங்குபவர் அறிந்திருக்கிறார் என்ற வரி வந்தபோது ஆரிஸ் தலையாட்டினான், யாரோ அவனைக் கேட்டதுபோல. கம்பெனி சார்பில் வந்திருந்த இளைஞன் நல்லவனாகத்தான் தெரிந்தான். முடிந்ததும் கை குலுக்கி, வாழ்த்துகள் என்றான். பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான், உடனே அவன் முகம் சிவந்தது. லைஸ்பெத் அவனுக்கு நன்றி சொன்னாள்.

திரும்பி வந்து அதே வீட்டில் அதே அறைகளில் இருந்தார்கள். எரிவாயு வந்தது. மாதம் ஒன்றாம் தேதி வாடகை போயிற்று. ஆரிஸ் வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். விரிசல் பெரிதாகியிருக்கிறது என்று காட்டினால், ஃபோன் பண்ணிச் சொல்லணும் என்பான். லைஸ்பெத் வாசல் ஜன்னல்களின் வெளிப்புறத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருவில் கழுவாமல் விடுவது செத்த வீட்டில்தான் நடக்கும்.

பத்தாவது மாதம் கடிதம் வந்தது. கட்டிடத்தின் இரண்டு பாதியும் இப்போது ஒரே உரிமையாளர் கையில் இருப்பதால், அடித்தளச் சீரமைப்பை முன்கூட்டியே தொடங்க முடிவாகியிருக்கிறது. ஆகவே வாடகை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. வேலை முடிந்தபின் வீடுகள் சந்தை வாடகைக்கு விடப்படும், விருப்பமிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆரிஸ் அந்தக் கடிதத்தை ஆலைக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். நான் இரண்டு முறை படித்தேன்.

"ஒரு கையெழுத்துதான் கொறஞ்சுது," என்றான். "இப்ப ஒரு கையெழுத்தே போதுமாம்."

வேறு வீடு தேடினார்கள். நகராட்சிக் குடியிருப்புக்குப் பதின்மூன்று வருஷக் காத்திருப்பு. வெளியே வாடகை இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவருடையதை முழுதாகத் தின்னும்; அதற்கும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் மாடியறை சின்னது, மார்ரியின் அம்மாவைப் போன கோடையில்தான் அதில் கொண்டுவந்து வைத்திருந்தோம். மார்ச் பாதியில் நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி எங்கெலைப் பார்க்கப் போனேன்.

அவன் மெலிந்திருந்தான். வீடு சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எரிவாயு மூடிய பதினேழு நாளைச் சொன்னபோது எழுந்து போய்க் குழாயடியில் நின்றுவிட்டு வந்தான்.

"சின்ன ரூமு காலியாத்தான் கெடக்கு," என்றான். "அவ வரமாட்டா."

"கேக்கட்டுமா?"

"நான் கேட்டதாச் சொல்லாத ரைன். இருக்குன்னு மட்டும் சொல்லு."

அன்று மாலையே லைஸ்பெத்திடம் சொன்னேன். அவள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. முழுக்கோசையும் நறுக்கி முடித்து, பலகையிலிருந்து சட்டிக்குத் தள்ளிவிட்டு, "எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

ஏப்ரலில் ஆலை வண்டியை இரவல் வாங்கி அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். பாதிச் சாமான்களை விற்றுவிட்டார்கள். மீதி எங்கள் கொட்டகையில். எங்கெல் கதவைத் திறந்து, லைஸ்பெத் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். மேசையில் நாலு கிண்ணம் வைத்திருந்தான். பழுப்பு அவரைச் சூப், அவனே வைத்தது. வாய்க்குள் வைத்தால் அவரை பாதி வேகாமல் நறுக்கென்றது. நானும் ஆரிஸும் தலையைக் குனிந்து சாப்பிட்டோம். எங்கெல் கரண்டியை எடுக்கவே இல்லை.

"உப்பு சரியா இருக்கா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

லைஸ்பெத் இன்னொரு கரண்டி வாயில் வைத்து மென்றாள். இரண்டு வருஷமும் ஒரு மாதமும் அவனோடு பேசாதவள்.

"கம்மி," என்றாள். கிண்ணத்தை முடித்தாள்.

மே மாதம் வேலை தொடங்கியது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. தரையைப் பெயர்த்து மண்ணை அள்ளி வெளியே கொட்டினார்கள். இடுப்பு உயர இரும்புக் குழாய்த் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, அதிர்வில்லாமல் இயந்திரத்தால் அழுத்தி அழுத்தி இறக்கினார்கள். ஆரிஸ் இப்போது ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து வேலைக்கு நிற்கிறான். தினமும் முறை மாறும்போது கையுறையை மாட்டிக்கொண்டே கேட்பான்: "எத்தன எறக்கியாச்சு?"

நான் சொல்வேன். நேற்று நாலு. இன்றைக்கு மூன்று, ஒன்று கல்லில் முட்டிவிட்டது, பிடுங்கித் தள்ளி இறக்கினார்கள். எத்தனை மீட்டர் போயிற்று, யார் பற்றவைக்கிறார்கள், நடுச்சுவருக்கு எப்படி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பான். நான் பார்க்காததற்கும் மறுநாள் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வேன். நல்ல வேலைக்காரர்கள். அதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்கிறவனிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது.

ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காங்கிரீட் ஊற்றினார்கள். திங்கட்கிழமை காலை நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் சேத்து ஒரே தட்டாப் போட்டுட்டாங்க. நான் போயிப் பாத்தேன். மட்டம் வெச்சாங்க ஆரிஸ், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்ல. இனி அது நூறு வருஷத்துக்கு அசையாது."

ஆரிஸ் தலையை ஆட்டினான். மணி அடித்தது. எங்களுக்குப் பின்னால் முதல் இயந்திரம் திறந்து பிண்ணாக்கு வட்டங்கள் விழத் தொடங்கின.

"ரைன்," என்றான், "இனிமே சொல்லாதடா."

காதடைப்பான்களை எடுத்து, முதலில் வலது காதிலும் பிறகு இடது காதிலும் அமுக்கிக்கொண்டு, தன் இயந்திரத்துக்கு நடந்தான்.